அலஸ்தோட்டத்து வீட்டில் நீச்சல் தடாகம்: பணம் எங்கிருந்து, எந்த மாதத்தில்?

திருகோணமலையில் வீட்டு வளவுக்குள் நீச்சல் தடாகம் கட்ட நினைப்பவர்கள் கடனைப் பற்றி என்னிடம் பேச வரும்போது முதலில் கேட்பது வட்டி எவ்வளவு என்பதைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பணம் எந்த மாதத்தில் கைக்கு வரும்? வேலை பாதியில் இருக்கும்போது பணம் நின்றுபோனால் தோண்டிய குழிக்கு என்ன நேரும்? கடற்கரை மணலில், மாரி மழையைக் கண்முன்னே வைத்துக்கொண்டு கட்டுகிறவர்களுக்கு இரண்டு சதவீத வட்டி வித்தியாசத்தைவிட இந்த இரண்டு கேள்விகளும் பெரியவை.

கீழே வரும் குடும்பம் தனியொரு குடும்பமல்ல. உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கங்களில் இதே முடிவை எடுக்க நேர்ந்த குடும்பங்களின் நிலைமைகளை ஒன்றாக இணைத்து, அடையாளங்களை நீக்கி, தொகைகளை முழு எண்களாக்கி அமைத்த நிகழ்வு இது. வட்டி வீதங்களும் நாணய மாற்று வீதமும் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் வங்கி சொல்லும் வீதத்தை இட்டு மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள்.

வீடும் விருப்பமும்

கணவர் சீனன்குடாப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். மனைவி அரச பாடசாலை ஆசிரியை. வீடு 22 பேர்ச் காணியில், கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. கிழக்கு மாகாணத்து வழக்கப்படி மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு. காணி உறுதி மனைவியின் பெயரில். அந்த உறுதியில் தாயாரின் சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதாவது உயிருடன் இருக்கும்வரை அந்த வீட்டில் வாழும் உரிமை அவருக்கு உண்டு. 71 வயதான அவர் கீழ்மாடியில் இருக்கிறார். மேல்மாடியின் இரண்டு அறைகளைக் கச்சான் காற்றுக் காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

ஐந்து நிமிட நடையில் கடல் இருக்கும்போது தடாகம் எதற்கு என்று அயலவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிள்ளைகளோடு வரும் விருந்தினர் முன்பதிவு செய்வதற்கு முன் தடாகம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த இடத்தைப் பார்க்கிறார்கள். மூட்டு நோவுள்ள தாயாருக்கு நீருக்குள் நடந்து பயிற்சி செய்யும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரின் ஆசையும் சேர்ந்துகொண்டது. பாதி தொழில், பாதி வீட்டு இன்பம். இந்தக் கலப்பை முதலிலேயே ஒப்புக்கொண்டது இந்தக் குடும்பம் செய்த நல்ல காரியம். முழுவதும் தொழில் முதலீடு என்று தம்மைத்தாமே நம்பவைத்துக் கடன் எடுப்பவர்கள்தான் பின்னர் தடுமாறுகிறார்கள்.

முதல் மதிப்பீடு 6 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், சராசரி 1.2 மீற்றர் ஆழம் கொண்ட கொங்கிறீற்றுத் தடாகத்துக்கு. மொத்தம் 42 இலட்சம் ரூபாய். தோண்டல், நிலத்தடி நீரை இறைத்தல், கம்பி, கொங்கிறீற்று, நீர்க்கசிவுத் தடுப்பு ஆகியவற்றுக்கு மட்டும் 19 இலட்சம். ஓடும் மேற்பூச்சும் 8. பம்பு, வடிகட்டி, குழாய், விளக்கு 7. பம்பு அறையும் பிள்ளைகள் தவறி விழாதபடி போடும் வேலியும் 4. அளவைப் படம், அனுமதிச் செலவுகள் 1. எதிர்பாராச் செலவுக்கு 3. கடைசியில் சொன்ன இந்த 3 இலட்சத்தைப் பல மதிப்பீடுகளில் காணமுடியாது. அது இல்லாத மதிப்பீட்டை வைத்துக் கடன் கேட்கவே கூடாது.

மணலுக்குள் இருக்கும் ஆபத்து

கடன் வகைகளுக்குப் போகுமுன் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் திருகோணமலையில் எந்தக் கடன் பொருந்தும் என்பதை மண்தான் தீர்மானிக்கிறது.

வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும். கரையோர மணலில் கிணற்று நீர் மட்டம் அப்போது மளமளவென்று ஏறும். பள்ளமான வளவுகளில் நிலமட்டம்வரை வந்துவிடும். இந்தத் தடாகத்தின் உட்கொள்ளளவு 21.6 கனமீற்றர். சுவரும் தளமும் சேர்ந்த கொங்கிறீற்று ஏறத்தாழ 7 கனமீற்றர். வெறுமையாக இருக்கும் தொட்டியைச் சுற்றி நிலமட்டம்வரை நீர் நின்றால், மேல்நோக்கித் தள்ளும் விசை 28 தொன்னுக்கு மேல். கொங்கிறீற்றின் எடையோ 17 தொன் அளவில்தான். மண்ணின் பிடிப்பு ஓரளவு தாங்கும். அது போதாமற் போனால் தொட்டி மேலெழும்பும், குழாய்கள் முறியும், தளம் வெடிக்கும். அடித்தளத்தில் நீரழுத்தத்தைத் தணிக்கும் வால்வு பொருத்துவதும், மாரி காலத்தில் தடாகத்தை ஒருபோதும் வெறுமையாக்காமல் இருப்பதும் இதனால்தான்.

பணத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு நேரடியானது. ஓகஸ்டில் தோண்டி, ஒக்டோபரில் பணம் முடிந்து வேலை நின்றால், கையில் மிஞ்சுவது சரிந்த குழி. இல்லையென்றால் மிதக்கக் காத்திருக்கும் வெற்றுத்தொட்டி. வீட்டுக்கு மாடி கட்டும்போது பணம் தட்டுப்பட்டால் சுவரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆண்டு தொடரலாம். தடாகத்தில் அது முடியாது.

வங்கிகள் வீடு கட்டும் கடனைக் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கும். அத்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, லின்டல் மட்டத்தில் ஒரு பகுதி, கூரைக்கு ஒரு பகுதி. ஒவ்வொரு முறையும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். தடாக வேலை இந்த ஒழுங்குக்குள் அடங்காது. தளத்தையும் சுவரையும் இயன்றவரை இடைவெளியில்லாமல் தொடர்ந்து கொங்கிறீற்று இட வேண்டும். மொத்தச் செலவில் ஏறத்தாழப் பாதி ஒரே மாதத்தில் போய்விடும். அதன் பிறகு கொங்கிறீற்று முழு வலிமை பெற 28 நாட்கள். கடன் பேசும்போதே பணம் விடுவிக்கும் அட்டவணையைத் தடாக வேலைக்கு ஏற்ப மாற்றி எழுத்தில் வாங்க வேண்டும். வாங்க முடியாவிட்டால் முதற்கட்டம் முழுவதையும் சொந்தப் பணத்தால் முடிக்க வேண்டும். வட்டி வீதத்துக்காகப் பேரம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

வந்த வழிகள்

முதலில் ஒரு வங்கி அலுவலர் வீட்டை ஈடு வைத்து 30 இலட்சம் எடுக்கலாம் என்றார். 13 சதவீதம், 10 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 44,800 ரூபாய். பத்து ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 23 இலட்சத்து 75 ஆயிரம். தவணை தாங்கக்கூடியதாகத் தெரிந்தது. ஆனால் மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

சீவிய உரித்து இருப்பதால் தாயாரும் ஈட்டு உறுதியில் ஒப்பமிட வேண்டும். அவர் தயங்கவில்லை. “பிள்ளைகளுக்குத்தானே, எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்” என்றார். அவர் கேள்வி கேட்காமல் ஒப்பமிடத் தயாராக இருந்ததே என்னை அதிகம் கவலைப்படுத்தியது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், கடன் தவறினால் நீதிமன்றம் போகாமல் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஈட்டுச் சொத்தை ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுக்கிறது. ‘பராட்டே’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கடன் தொகையைப் பொறுத்து இதற்கு வரம்புகள் உண்டு; ஒப்பமிடுமுன் அதை உங்கள் நொத்தாரிசிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முதுமையில் ஒரு தாய் நம்பியிருக்கும் கூரையை நீச்சல் தடாகத்துக்காகப் பணயம் வைக்க வேண்டுமா என்பதை வட்டிக் கணக்கு சொல்லித் தராது.

இரண்டாவது, மாறும் வட்டி. 2022 ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளிகள், அதாவது 7 சதவீதப் புள்ளிகள், உயர்த்தியது. அந்த ஆண்டு முடிவில் வங்கிகள் தம் மிக நம்பகமான வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முதன்மைக் கடன் வீதம் 27 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் இறங்கியது, 2025 மே மாதத்தில் மத்திய வங்கியின் ஓரிரவுக் கொள்கை வீதம் 7.75 சதவீதம். இறங்கியதைப் பார்த்து நிம்மதி அடைவது எளிது. அதே 30 இலட்சக் கடனின் வட்டி முதல் ஆண்டிலேயே 25 சதவீதத்துக்கு ஏறினால் தவணை 44,800இலிருந்து 68,000க்கு மேல் போகும். எத்தனை ஆண்டுகளுக்கு வட்டி நிலையானது, அதன் பிறகு எதை வைத்து மாறும் என்பதைச் சலுகைக் கடிதத்தில் தேடிப் படியுங்கள்.

மூன்றாவது, மதிப்பீடு. 42 இலட்சம் செலவழித்தால் வீட்டின் பெறுமதி 42 இலட்சம் கூடிவிடும் என்று நினைக்கக் கூடாது. வங்கிக்கு வேண்டியது உடனடியாக விற்றால் கிடைக்கும் தொகை. தடாகம் வேண்டாம் என்று நினைக்கும் கொள்வனவாளரும் இருப்பார் என்பதால் மதிப்பீட்டாளர் அதற்குக் கொடுக்கும் எடை குறைவு.

இந்தக் குடும்பத்தின் காணிக்கு உறுதி உண்டு. மாவட்டத்தில் பலருக்கு இருப்பது அரச காணி அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம்தான். அனுமதிப்பத்திரக் காணியைத் தனியார் வங்கி பொதுவாக ஏற்காது. அளிப்புக் காணியை ஈடு வைக்கப் பிரதேச செயலகத்தின் வழியாகப் போக வேண்டும். அத்தகையவர்கள் ஈட்டுக் கடன் என்ற எண்ணத்தோடு ஒப்பந்தகாரருக்கு முற்பணம் கொடுத்துவிடாதிருக்கட்டும்.

அடுத்து வந்தது ஒப்பந்தகாரரின் தவணைத் திட்டம். மதிப்பீட்டைச் சற்றுக் குறைத்து 34 இலட்சத்துக்குக் கட்டலாம், 14 இலட்சம் இப்போது, மீதி 20 இலட்சத்தை 24 மாதங்களில், மாதம் 1 இலட்சத்து 5 ஆயிரமாகக் கட்டினால் போதும், “வட்டி வெறும் 13 சதவீதம்” என்றார். வங்கியும் 13, இவரும் 13. பத்திரம் வேண்டாம், பிணையாளி வேண்டாம். குடும்பம் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டது. இரண்டு 13உம் ஒன்றல்ல. வங்கியின் 13, மாதாமாதம் குறைந்துவரும் மீதிக்கு. ஒப்பந்தகாரரின் 13 ஃபிளாட் ரேட். அதாவது 20 இலட்சத்தில் பாதியைக் கட்டிமுடித்த பிறகும் முழு 20 இலட்சத்துக்கே வட்டி. 20 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 2.6 இலட்சம், இரண்டு ஆண்டுக்கு 5.2 இலட்சம், மொத்தம் 25.2 இலட்சம், அதை 24ஆல் வகுத்தால் 1.05 இலட்சம். வங்கி முறையில் திருப்பிக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 23 சதவீதத்துக்கு மேல். வாகன லீசிங்கிலும் நிதிக் கம்பனிகளின் கடன்களிலும் இதே கணக்கைச் சந்திப்பீர்கள். “குறையும் மீதிக்கு எத்தனை சதவீதம்?” என்று கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். வேலையை முடிக்க வேண்டியவரும் கடன் கொடுத்தவரும் ஒரே ஆளாக இருப்பது இன்னொரு சிக்கல். நீர்க்கசிவு ஏற்பட்டால் தவணையை நிறுத்திவைக்க முடியாது. நிறுத்தினால் அவர் திருத்த வரமாட்டார்.

கனடாவிலிருந்து மனைவியின் தம்பி தொலைபேசியில் பேசினார். “அத்தான், நீங்கள் வங்கிக்கே போக வேண்டாம். என் வீட்டின் மேல் கடன் எல்லை இருக்கிறது. 20,000 டொலர் எடுத்து அனுப்புகிறேன், மெல்ல மெல்லத் தாருங்கள்” என்றார். ஒரு கனேடிய டொலர் 210 ரூபாய் என்று வைத்தால் சரியாக 42 இலட்சம். ஒரே அழைப்பில் எல்லாம் முடிந்துவிட்டதுபோல் இருந்தது.

அவர் சொன்னது வீட்டுப் பெறுமதியின் மேல் வங்கி திறந்துவைக்கும் சுழல் கடன். கனடாவில் வீட்டின் பெறுமதியில் 65 சதவீதத்துக்கு மேல் இந்த வகையில் எடுக்க முடியாது. வட்டி, வங்கிகளின் பிரைம் வீதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். 2022 தொடக்கத்தில் 2.45 சதவீதமாக இருந்த பிரைம், 2023 ஜூலையில் 7.20 ஆனது. பிரைமுக்கு மேல் அரைச் சதவீதம் என்றால், 20,000 டொலருக்கு மாத வட்டி மட்டும் 50 டொலர் அளவிலிருந்து 128 டொலராக உயர்ந்திருக்கும். அந்த ஏற்றத்தை அங்கே குளிரில் இரண்டு வேலை செய்யும் தம்பிதான் தாங்க வேண்டும். இங்கே இன்னொரு பக்கம்: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. சம்பளத்தையும் பெரும்பாலான அறை வாடகையையும் ரூபாயில் பெறும் குடும்பம் டொலரில் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தால், அப்படியொரு சரிவில் கடன் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். வெளிநாட்டு உறவுகளின் உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த மாவட்டத்தின் எத்தனையோ கூரைகள் அந்தப் பணத்தால் எழுந்தவை. அந்தப் பணம் அவர்களின் சேமிப்பிலிருந்து வரட்டும், அவர்களின் வீட்டின்மேல் ஏற்றும் கடனிலிருந்து வேண்டாம் என்பதே என் கருத்து.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிக் கணவர் கேட்டார். வீட்டுக் கடனுக்கு அந்த நிதியின் மீதியைப் பிணையாக வைக்கும் வழியும், குறிப்பிட்ட தகுதிகளோடு வீட்டுத் தேவைக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதம்வரை முன்கூட்டியே பெறும் வழியும் உண்டு. வீடில்லாதவருக்கும் நோயாளிக்கும் உருவாக்கிய கதவு அது. ஓய்வூதியம் இல்லாத தனியார் துறை ஊழியருக்கு முதுமையில் அதுவொன்றே கைப்பொருள். தொடவேண்டாம் என்றேன், அவரும் உடன்பட்டார்.

நகை அடகு, சீட்டு இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுமே சில மாத இடைவெளியை நிரப்பப் பொருத்தமானவை. ஐந்து ஆண்டுச் செலவை ஓராண்டு அடகில் ஏற்றினால் ஒவ்வோர் ஆண்டும் வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நகை வீடு திரும்பாது.

தடாகம் எவ்வளவைத் தாங்கும்?

இந்தக் கேள்விக்கு விடை கண்டபிறகுதான் மற்றவை தெளிவாகின. அறை ஒன்றின் வாடகை 9,000 ரூபாய். தடாகம் வந்தால் 12,000 கேட்கலாம் என்று எதிர்பார்த்தார்கள். பருவத்தில் இரண்டு அறைகளுக்கும் சேர்த்து ஏற்கெனவே 135 இரவுகள் நிரம்புகின்றன. அவற்றில் கூடுதலாக 3,000 வீதம் 4,05,000. புதிதாக 30 இரவுகள் கிடைத்தால் 3,60,000. மொத்தம் 7,65,000. முன்பதிவுத் தளங்களின் கழிவு 15 சதவீதம் என்று வைத்தால் 1,15,000 போகும்.

பராமரிப்புக்கு ஆண்டுக்கு 3 இலட்சம். இதில் மின்சாரம் முக்கியமானது. 0.75 கிலோவாற் பம்பு நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் மாதம் 135 அலகு. வீட்டின் சொந்தப் பாவனை 120 அலகு என்றால், இரண்டும் சேர்ந்து 180ஐத் தாண்டி வீட்டுக் கட்டணத்தின் மிக உயர்ந்த படிக்குப் போய்விடும். குளோரின், வடிகட்டி மணல், துப்புரவு செய்பவரின் கூலி, கோடையில் ஆவியாகும் நீரை நிரப்புவது எல்லாம் இதற்குள் அடங்கும். மாரியில் விருந்தினர் இல்லாவிட்டாலும் பம்பு ஓடியே ஆகவேண்டும். ஓடாவிட்டால் நீர் பாசிபிடித்து நுளம்பு பெருகும்.

மிஞ்சுவது ஆண்டுக்கு 3,50,000 ரூபாய். 30 இலட்சக் கடனின் ஆண்டுத் தவணையோ 5,37,000. எல்லாம் நினைத்தபடி நடந்தாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,87,000 சம்பளத்திலிருந்து போகும். தடாகம் தன் சொந்த உழைப்பால் தாங்கக்கூடிய கடன், அதே வட்டியிலும் காலத்திலும், 19 அல்லது 20 இலட்சம்தான். அதுவும் எந்தப் பருவமும் பொய்க்காத பட்சத்தில். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு வந்த பருவம், பெருந்தொற்றின் இரண்டு ஆண்டுகள், 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்ட மாதங்கள்: ஏழு ஆண்டுக்குள் நிலாவெளிக் கரை எத்தனை வெறுமையான பருவங்களைக் கண்டது என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். ஆகவே அளவுகோலை இப்படி வைத்தோம்: ஒரு பருவம் முழுவதும் ஒரு விருந்தினரும் வராவிட்டாலும், வீட்டுச் செலவைக் குறைக்காமல் தவணையைச் சம்பளத்தில் கட்ட முடிய வேண்டும். அந்தக் குடும்பத்தால் மாதம் 25,000 முடியும். அதற்கு மேல் முடியாது.

எடுத்த முடிவு

தடாகத்தைச் சுருக்கினார்கள். 5 மீற்றருக்கு 2.8 மீற்றர். பிள்ளைகள் விளையாடவும் தாயார் நடக்கவும் அது போதும். செலவு 34 இலட்சமானது. அளவு சிறுத்த வேகத்தில் செலவு இறங்கவில்லை. பம்பு, நீரிறைப்பு, அனுமதி எல்லாம் பெரிய தடாகத்துக்கும் சிறியதற்கும் ஏறக்குறைய ஒன்றே.

14 இலட்சம் சொந்த நிலையான வைப்பிலிருந்து. தம்பி தன் சேமிப்பிலிருந்து 5,000 டொலர், அதாவது 10.5 இலட்சம், அனுப்பினார். திருப்பித் தருவது ரூபாயில், வட்டியில்லாமல், பருவம் முடிந்ததும் இயன்ற அளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் ஒப்பமிட்டார்கள். உறவுக்குள் எழுத்து எதற்கு என்று அவர் முதலில் வருந்தினார். பின்னர் இரு வீட்டுப் பிள்ளைகளும் வளர்ந்தபிறகு குழப்பம் வரக்கூடாது என்று அக்கா சொன்னதும் விளங்கிக்கொண்டார். மீதி 9.5 இலட்சத்துக்கு, முழுத் தொகையாக 10 இலட்சம், ஆசிரியையின் சம்பளத்தின் மேல் தனிநபர் கடன். இரண்டு பிணையாளிகள், 16 சதவீதம், 5 ஆண்டுகள், மாதத் தவணை 24,300. வீட்டு ஈட்டுக் கடனைவிட வட்டி 3 சதவீதம் கூடுதல். ஆனால் உறுதி அலுமாரியிலேயே இருக்கிறது. அந்த 3 சதவீதத்தை நான் மனமுவந்து கொடுக்கச் சொன்னேன்.

காலத்தைப் பொறுத்தவரை அனுமதிகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டோம். பிரதேச சபை அனுமதி ஒன்று. கடலின் உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர்வரை கரையோர வலயம் என்பதால், அதற்குள் வரும் கட்டுமானத்துக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இந்த வீடு அந்த எல்லைக்குள் இருந்தது. ஆகவே விண்ணப்பம் முந்திய ஆண்டின் நடுவிலேயே போனது. அனுமதி கைக்கு வரும்வரை கடன் விண்ணப்பத்தில் ஒப்பமிடவில்லை. பயன்படுத்தாத பணத்துக்கு வட்டி கட்டக் கூடாது. பெப்ரவரி நடுப்பகுதியில், மழை ஓய்ந்து கிணற்று நீர் இறங்கத் தொடங்கியதும் தோண்டினார்கள். மார்ச்சில் கொங்கிறீற்று. வைப்பு முதிர்வடைவது ஏப்ரல் நடுவில் என்பதால் இடையில் பணம் தேவைப்பட்டது. வைப்பை உடைத்தால் வட்டியில் பெரும்பகுதி போயிருக்கும். அதன் மேலேயே குறுகிய காலக் கடன் எடுத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்தார்கள். வைப்பு வட்டியைவிட இரண்டு மூன்று சதவீதம் மட்டுமே கூடுதலான இந்தக் கடனைப் பலர் மறந்துவிட்டு நகையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். மே இறுதியில் தடாகத்தில் நீர் நிரம்பியது. மே மாத விருந்தினர் வருமானம் முழுவதும் போனது. இதை மதிப்பீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.

முதலாவது முழுப் பருவத்தின் கணக்கு

12,000 கேட்டபோது விருந்தினர் தயங்கினார்கள், 11,000 நின்றது. புதிய இரவுகள் 30 அல்ல, 22. பழைய 135 இரவுகளில் கூடுதலாக 2,70,000, புதியவற்றில் 2,42,000, மொத்தம் 5,12,000. கழிவு 76,800, பராமரிப்பு 2,85,000. மிஞ்சியது 1,50,200. தனிநபர் கடனின் ஆண்டுத் தவணை 2,91,800. குறைந்த 1,41,600ஐச் சம்பளம் தாங்கியது, மாதத்துக்கு ஏறத்தாழ 11,800. முதலில் பேசிய 30 இலட்ச ஈட்டுக் கடனை எடுத்திருந்தால் குறை 3,87,000 ஆகியிருக்கும். அதாவது மாதம் 32,000. ஆசிரியையின் வீட்டில் அது பிள்ளைகளின் தனியார் வகுப்பும் தாயாரின் மருந்தும்.

தம்பிக்கு அந்த ஆண்டு எதுவும் கொடுக்க முடியவில்லை. எழுத்தில் ‘இயன்ற அளவு’ என்று இருந்ததால் அவருக்கும் இவர்களுக்கும் மனக்கசப்பு வரவில்லை. டொலரில் மாதத் தவணை பேசியிருந்தால் முதல் ஆண்டிலேயே வந்திருக்கும்.

நவம்பரில் மழை பிடித்தபோது கிணற்று நீர் நிலமட்டத்துக்குக் கீழே முழங்கை ஆழத்தில் நின்றது. தடாகத்தை நிறைவாகவே வைத்திருந்தார்கள். வீட்டுக் காப்புறுதியில் தடாகமும் பம்பு அறையும் தனியாகக் குறிப்பிடப்பட்டால் மட்டுமே இழப்பீடு கிடைக்கும் என்று முகவர் சொன்னார். புதுப்பிக்கும்போது அதைச் சேர்த்தார்கள். பிரீமியம் சிறிது கூடியது.

இரண்டாம் பருவத்துக்கு முன் செய்ய இரண்டு வேலைகள் இருக்கின்றன. அறைகளைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவுசெய்து, வருமானத்தை வங்கிக் கணக்கின் வழியாகவே பெறுவது ஒன்று. பின்னர் கடனை மாற்றி அமைக்கவோ தொழில் கடன் கேட்கவோ நேர்ந்தால், எழுத்தில் உள்ள வருமானத்தையே வங்கி எண்ணும். மற்றது தனிநபர் கடனை முன்கூட்டியே தீர்த்தால் அறவிடும் கட்டணத்தைக் கேட்டறிவது. கணவருக்கு ஆண்டிறுதியில் போனஸ் வரவிருக்கிறது. அந்தக் கட்டணம் மிச்சமாகும் வட்டியைவிடக் குறைவாக இருந்தால் போனஸ் கடனுக்கு; இல்லையென்றால் தம்பிக்கு.